தளப்பலகைக்குக் கீழே

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் மாவட்ட எல்லைகள் புதிதாக வரையப்பட்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. மலையும் ஏரிகளும் மாந்தோப்புகளுமாக, கடற்கரையே இல்லாமல் இருந்தது பழைய சித்தூர் மாவட்டம். அதிலிருந்து பிரிந்த திருப்பதியோடு நெல்லூரின் தென்பகுதியும் சேர்க்கப்பட்டது. சூளூர்ப்பேட்டை, தடா வழியாகத் திருப்பதிக்கு ஒரு கடற்கரை கிடைத்தது; ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் கிடைத்தது; பழவேற்காடு ஏரியின் பெரும்பங்கும் கிடைத்தது. சித்தூர் பழையபடி கரையில்லாத மாவட்டமாகவே நின்றுவிட்டது. ஏழுமலையான் ஊரின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில் இன்று ராக்கெட்டும் உண்டு, மீன்பிடிப் படகும் உண்டு. ராக்கெட்டைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். இது படகைப் பற்றியது. அதிலும், பழைய சிறுபடகு ஒன்றின் தளத்தையும் இருக்கைகளையும் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி போடுவதில் என்னென்ன அறிவியல் அடங்கியிருக்கிறது என்பதைப் பற்றியது.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். ஆனால் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். தடாவுக்கு அருகே பீமுனிவாரிபாளையம் படகுத்துறையிலிருந்து, தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் இரக்கம் தீவுக்குப் போகிற படகு பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரின் மேல்தான் போகிறது. இவ்வளவு ஆழம் குறைந்த நீரில் அடி கூரான படகு தரை தட்டிவிடும். அதனால் இங்கே புழங்கும் படகுகளுக்கு அடி தட்டை. எஞ்சின் ஓட்ட முடியாத இடங்களில் மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளுகிறார்கள். தள்ளுகிறவர் நின்றபடிதான் தள்ள முடியும். கழி சேற்றில் ஊன்றி நிற்க, அவர் கொடுக்கும் விசை முழுவதும் பாதம் வழியாகத் தளப்பலகைக்கு இறங்கி, பலகையிலிருந்து, படகின் விலா எலும்புகளான வங்குக் கட்டைகளுக்குப் போய், படகை நகர்த்துகிறது. அந்தப் பலகை வழுக்கினாலோ, ஆடினாலோ, உளுத்துப்போயிருந்தாலோ விசையில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

குளிர்காலத்தில் இந்த ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றைப் பார்க்க மனிதர்கள் வருகிறார்கள். சூளூர்ப்பேட்டையில் அரசு நடத்தும் பூநாரைத் திருவிழாவின்போது பீமுனிவாரிபாளையத்தில் படகுச் சவாரியும் உண்டு. வலையும் மீனும் ஏற்றிப் பழகிய படகு வயதான காலத்தில் ஆள் ஏற்றும் படகாக மாறுவது எந்த நீர்நிலையிலும் நடப்பதுதான். படகின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. பழைய தளத்தைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவோம், வரிசையாகப் பெஞ்சு அடிப்போம், கொஞ்சம் உயரமாக அடித்தால் வருகிறவர்களுக்குக் கால் நனையாது, காட்சியும் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். தச்சு வேலையாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வலை தளத்தின் மேல் கிடக்கும். மீன் தளத்துக்கும் கீழே கிடக்கும். மனிதர்தான் தளத்துக்கு மேலே, இருக்கைக்கும் மேலே உட்காருவார். அதே எடைதான். ஏறி உட்காரும் உயரம்தான் வேறு.

அந்த உயரம் என்ன செய்யும் என்பதை ஒரு காகிதக் கணக்கில் பார்த்துவிடலாம். 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் உள்ள, பெட்டி வடிவில் தட்டையான அடிகொண்ட படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சினோடு சேர்த்து எடை 600 கிலோ. அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் தளம். தளத்திலிருந்து 40 சென்டிமீட்டரில் இருக்கை. 60 கிலோ எடையுள்ள 5 பேர் உட்கார்ந்தால் படகு 10 சென்டிமீட்டர் மட்டுமே தண்ணீரில் அமிழும். பக்கவாட்டில் சாய்க்கப் பார்த்தால் முரட்டுத்தனமாக நிமிரும். இதே படகில் அளவு மீறி 30 பேரை ஏற்றினால் 27 சென்டிமீட்டர் அமிழும். விளிம்பு இன்னும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். கரையில் நிற்பவருக்குப் பயப்பட ஒன்றும் தெரியாது. ஆனால் நிமிரும் திறன் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும்.

நிமிரும் திறனை எப்படி அளப்பது? படகு சாயும்போது, தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறுகிறது. சாய்ந்த பக்கம் அதிகமாக அமிழ்வதால், தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் கோடும் அந்தப் பக்கமாக நகர்கிறது. நகர்ந்த அந்தக் கோட்டை மேலே நீட்டினால் படகின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். அதற்கு மெட்டாசென்டர் என்று பெயர். படகும் ஆட்களும் சேர்ந்த மொத்த எடையின் ஈர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும். மேலே போய்விட்டால் கவிழத் தொடங்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள உயரம்தான் படகின் கையிருப்பு. நம் கணக்கில் 5 பேர் இருக்கும்போது அந்தக் கையிருப்பு சுமார் ஒன்றரை மீட்டர். 30 பேர் உட்கார்ந்தால் 20 சென்டிமீட்டர். அந்த 30 பேரும் இருக்கையை விட்டுத் தளத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தால் 50 சென்டிமீட்டராக உயரும். எல்லோரும் எழுந்து நின்றால்? பூச்சியத்துக்கும் கீழே போய்விடும். அலை வேண்டாம், காற்று வேண்டாம். எழுந்து நிற்பது ஒன்றே போதும்.

இனி பெஞ்சை 15 சென்டிமீட்டர் உயர்த்தி அடித்த தச்சரிடம் வருவோம். உட்கார்ந்திருக்கும் 30 பேரும் ஒரு சாண் அளவுகூட இல்லாத அந்த உயரத்துக்கு ஏறியதில், 20 சென்டிமீட்டராக இருந்த கையிருப்பு 9 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு பலகையைக்கூட அவர் மோசமாக அடிக்கவில்லை. ஆனால் படகு வேறு படகாகிவிட்டது.

மெட்டாசென்டர் என்ற கருத்தை முதலில் முறையாக எழுதியவர் பிரான்சைச் சேர்ந்த பியர் பூகே. 1746இல் வெளிவந்த அவருடைய கப்பல் நூலில் அது இருக்கிறது. பூமியின் வடிவத்தை அளக்கப் போன பிரெஞ்சுக் குழுவில் ஒருவராகத் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த காலத்தில்தான் அவர் அந்த நூலில் பெரும்பகுதியை எழுதினார். கப்பல் சாஸ்திரத்தை எழுதக் கப்பல்தான் வேண்டும் என்பதில்லை. சித்தூர் மலையில் உட்கார்ந்துகொண்டு பழவேற்காட்டுப் படகைக் கணக்கிடுவதற்கும் தடையில்லை.

பூகேயின் கணக்கில் அகலத்துக்குக் கிடைக்கும் மரியாதை பெரிது. நிமிரும் திறன் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் திருமலையின் சுவாமி புஷ்கரிணியில் பால்குன மாதத் தெப்போற்சவத்தில் உற்சவ மூர்த்தி உயர்ந்த மண்டபத்தில் எழுந்தருளினாலும் தெப்பம் அசங்குவதில்லை: அடி அவ்வளவு அகலம். மயிலாப்பூர்த் தெப்பத்தைப்போல வெற்றுப் பீப்பாய்களைப் பரப்பிக் கட்டினாலும் இதே கதைதான். அகலமான தெப்பத்தின் மேல் மண்டபம் கட்டலாம். ஒன்றரை மீட்டர் அகலப் படகின் மேல் மண்டபம் கட்டக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகச் சேர்ந்ததும் அப்போது பேசப்பட்டது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், பழவேற்காட்டிலேயே உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இரண்டும் வெவ்வேறு படகு, வெவ்வேறு காரணங்கள். ஆனாலும் ஆள் ஏற்றும் படகில் யார், எங்கே, எந்த உயரத்தில் உட்காருகிறார் என்பது அலங்கார விஷயமல்ல என்பதற்கு இந்த இரண்டையும் தாண்டிச் சான்று தேட வேண்டியதில்லை.

இதுவரை தளத்துக்கு மேலே பார்த்தோம். தளத்துக்குக் கீழே இருப்பது தண்ணீர். எந்தச் சிறுபடகிலும் கொஞ்சமாவது இருக்கும்: கசிவு, தெறிப்பு, மழை, வலையிலிருந்து வடிந்தது. கூரான அடியுள்ள படகில் அது நடுப்பள்ளத்தில் ஒடுங்கிக் கிடக்கும். தட்டை அடியில் பள்ளமே இல்லாததால் அகலம் முழுவதும் பரவிவிடும். தாம்பாளத்தில் நிரப்பிய தண்ணீரைக் கையில் ஏந்தி நடந்தவர்களுக்குத் தெரியும், தாம்பாளம் சாய்கிற பக்கமே தண்ணீரும் ஓடும், ஓடியது மேலும் சாய்க்கும். படகிலும் அதுவே நடக்கிறது. இந்தத் தண்ணீரின் தீங்கும் அகலத்தின் மும்மடியாகவே கணக்காகிறது. சில விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் அகலம் முழுக்கப் பரவினாலே, சாய்வின் தொடக்கத்தில் கையிருப்பைத் தின்னத் தொடங்கிவிடும். நிறைய ஆள் ஏற்றிய படகில் தின்பதற்கு மிச்சம் ஏது?

இதற்குப் பரிகாரம் எளிது. தளத்துக்குக் கீழே, முன்பின்னாக ஓடும் கட்டை ஒன்றை நடுவில் பொருத்தி அகலத்தை இரண்டாகப் பிரித்தால் தீங்கு நான்கில் ஒரு பங்காகக் குறையும். மூன்றாகப் பிரித்தால் ஒன்பதில் ஒரு பங்கு. தளத்தைத் தாங்குவதற்காக எப்படியும் அந்தக் கட்டைகள் வேண்டும். அவற்றை அடியோடு ஒட்டிப் பொருத்தினால் தாங்குதலும் தடுப்பும் ஒரே வேலையில் முடியும். குறுக்கே போகும் வங்குகளில் மட்டும், ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியாக, சிறு வழிகள் விட வேண்டும். தண்ணீர் பின்னால் ஓடி இறைக்கும் இடத்துக்கு வர வேண்டுமே! பழைய படகுகளில் இந்த வழிகளை மீன் செதிலும் மண்ணும் அடைத்துக்கொண்டிருக்கும். தளத்தைத் தூக்கியதும் முதலில் கண்ணில் படும் கோளாறு பெரும்பாலும் இதுதான்.

அடுத்து, குறுக்குப் பலகை. சிறுபடகில் நாம் இருக்கை என்று நினைப்பது பல சமயம் உட்காருவதற்காக வைத்ததே அல்ல. மேலே திறந்த எந்தக் கூடும் பக்கவாட்டு அழுத்தத்தில் விரியும், ஒடுங்கும். இரு பக்கச் சுவர்களையும் இணைக்கும் குறுக்குப் பலகைதான் அதைத் தடுக்கிறது. சோழமண்டலக் கரையில், சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றுக்கு வங்குகளே கிடையாது; ஆணியும் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை வந்து மோதினால் உடல் நெளிந்து கொடுக்கும். நெளிகிற அந்த உடல் விரிந்து பிளந்துவிடாமல் பிடித்து நிறுத்தியவை குறுக்கே போட்ட கட்டைகள். துடுப்புக்காரர்கள் உட்கார்ந்ததும் அவற்றின் மேல்தான். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இந்தக் கரையின் படகு வகைகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சித்தூரும் அப்போது அதே மாகாணத்தில்தான் இருந்தது.

எனவே பழைய இருக்கையைப் பிடுங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படகைச் சமதளத்தில், பல இடங்களில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒவ்வொரு இருக்கை இடத்திலும் இரு விளிம்புகளுக்கும் இடையிலான அகலத்தை அளந்து, தற்காலிகமாகக் குறுக்குச் சட்டங்களை முடுக்கிவிட வேண்டும். அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு வாரம் வெயிலில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் படகு கொஞ்சம் விரிந்திருக்கும். பிறகு அளந்து அறுத்த புதிய பலகை அந்த விரிந்த வடிவத்துக்கே பொருந்தும். கோணல் நிரந்தரமாகிவிடும்.

ஃபைபர் படகுகளுக்கும் இது அப்படியே பொருந்தும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை இவை. பழவேற்காட்டிலும் இன்று சாதாரணமாகக் காணலாம். அவற்றில் பெட்டி வடிவ இருக்கைகளைக் கூட்டோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். இடம் போதவில்லை என்று நடுப்பெட்டியை அறுத்தெடுத்தால் ஓட்டத்தில் அடிப்பகுதி உள்ளும் புறமுமாகப் படபடக்கும். முதலில் மேற்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே தண்ணீர் கண்ணாடி இழைகளுக்குள் ஊறும்.

மரத்துக்கு வருவோம். பழைய மரப்படகின் தளம் ஏன் உளுத்துப்போகிறது? உப்புத் தண்ணீரில் கிடப்பதால் என்றுதான் யாரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது தவறு. மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அதற்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. சுமார் 30க்கு மேல் போனால் கொண்டாட்டம். முழுக்க ஊறிக் காற்றே புகாமல் போனால் மறுபடி வளராது. உப்பும் அதற்கு ஆகாது. ஆகவே கடல்நீரில் எப்போதும் மூழ்கியிருக்கும் அடிப்பலகை கெடாமல் இருக்க, மேலே மழைத்தண்ணீர் பட்டு, கீழே காற்றோட்டமில்லாமல் புழுங்கும் தளப்பலகையின் அடிப்பக்கமும், அது வங்கின் மேல் உட்காரும் இடமும்தான் முதலில் மக்கும். படகைக் கெடுப்பது பெரும்பாலும் மேலிருந்து விழும் நல்ல தண்ணீர்.

உப்பு நீரில் வேறொரு எதிரி இருக்கிறது: கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். தன் சிறிய ஓடுகளால் மரத்தைக் குடைந்து, செவுள்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உதவியால் மரத்தையே செரித்துக்கொள்கிறது. உப்பு மிகவும் குறைந்தால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. பழவேற்காட்டின் விசேஷம் இங்கேதான். வடகிழக்குப் பருவமழையில் சித்தூர் மலைப்பக்கத்திலிருந்து ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தால் ஏரியின் சில பகுதிகள் ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடும். கோடையில் நீர் சுண்டி, உப்பு கடலைவிடவும் ஏறிவிடும். ஒரே படகு ஆண்டின் ஒரு பாதியில் குடையும் சிப்பிக்கும், மறு பாதியில் மக்கச் செய்யும் பூஞ்சைக்கும் முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மீனவர்கள் படகைக் கரையேற்றிக் காயவைப்பது இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து. சிப்பி செத்துவிடும், பூஞ்சை வளராது. ஆனால் தளத்தைக் கழற்ற முடியாதபடி அடித்து மூடியிருந்தால் கரையேற்றியும் அடிவயிறு காயாது.

இதனால்தான், இணைய வீடியோக்களில் பளபளப்பாகக் காட்டுகிறார்களே, ஒட்டுப்பலகையை முழுத்தளமாகப் பரப்பி, ஓரமெல்லாம் ஃபைபரால் மூடி, மேலே செயற்கைப் புல்லும் ஒட்டும் முறை, அது எனக்கு உவப்பில்லை. தளம் கழற்றக்கூடிய பலகைகளாக, இடையே விரலளவு இடைவெளி விட்டு இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. பார்ப்பதற்குக் கொஞ்சம் நாட்டுப்புறமாகத்தான் இருக்கும். இடைவெளியில் நண்டும் நங்கூரக் கயிறும் மாட்டும். ஆனால் தண்ணீர் வந்தால் தெரியும், இறைக்கலாம், கழுவலாம், காயவைக்கலாம். மூடிய தளத்தின் அடியில் நடப்பது, கால் உள்ளே இறங்கும் அன்றுதான் தெரியவரும்.

மூடிய தளம்தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். கடையில் மரைன் பிளை என்று விற்பது இந்தியத் தர எண் 710 முத்திரையுள்ளதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தரத்துக்கான சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிக்கவைத்துப் பார்ப்பார்கள். அதில் தேர்வு எழுதுவது முக்கியமாகப் பசைதான். பசை விடாது, ஆனால் அறுத்த ஓரத்திலும் திருகு துளையிலும் தண்ணீர் புகுந்தால் உள்ளேயிருக்கும் மரம் மரம்தான். ஓரங்களையும் துளைகளையும் முதலில் எபாக்சி ஊட்டி அடைத்த பிறகே திருகைப் போட வேண்டும்.

பலகைக்கு என்ன மரம்? புன்னை, தேக்கு, மா, வேம்பு என்று இந்தக் கரையில் புழங்கியவை பல. வளைந்த வங்குகளுக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்கள். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் இழை அறுபட்டு, அந்த இடத்திலேயே ஒடியும். திருப்பதி என்றதும் சேஷாசலத்துச் செம்மரம் நினைவுக்கு வரலாம். சட்டம் விடாது, விட்டாலும் பயனில்லை, அதன் வைரம் தண்ணீரைவிட அடர்த்தி, அப்படியே மூழ்கிவிடும்.

ஆணிகளைப் பற்றிச் சுருக்கமாக. உப்பீரத்தில் இரும்பு ஆணி துருப்பிடிப்பது மட்டுமல்ல, அந்த வேதிமாற்றம் சுற்றியுள்ள மரநாரையும் நைந்துபோகச் செய்கிறது. ஆணி இருக்கும், பிடிப்பு இருக்காது. பித்தளைத் திருகில் உப்பு நீர் துத்தநாகத்தை உறிஞ்சிவிட்டுச் செம்பின் சல்லடையை மிச்சம் வைக்கும். எவர்சில்வரும் காற்றுப்படாத ஈரத் துளைக்குள் அரிக்கும். 304 வகையைவிட 316 தாங்கும். செம்பு ஆணி, சிலிக்கன் வெண்கலம் என்றால் நல்லது, விலைதான் இடிக்கும். எதுவானாலும் ஒரே படகில் பலவற்றைக் கலக்காமல் இருப்பது பாதி வெற்றி.

ஃபைபர் படகில் பழைய கூட்டின் மேல் புதிய இருக்கையை ஒட்டுவது வேறு விதமான வேலை. கூடு வார்த்த நாளில் ரெசின் ஒரே பிழம்பாக இறுகியது. இருபது ஆண்டு கழித்து அதன்மேல் ஒட்டும் புதிய ரெசின் வேதியியல்ரீதியாக அதனோடு சேராது, சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும், அவ்வளவே. ஆகவே பெயின்ட் மட்டுமல்ல, கண்ணாடி இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். அதற்கும் முன் மெழுகு, டீசல் எல்லாம் துடைத்திருக்க வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கினால் தேய்க்கும் சக்கரமே எண்ணெயை உள்ளே பூசிவிடும். பழைய பாலியெஸ்டரின் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஒரு தரம் எபாக்சிக்குப் போனால் அந்த இடத்தில் அதோடுதான் இருக்க வேண்டும்.

வெயிலும் கணக்கில் வரும். ரெசின் இறுகும்போது தானே சூடு வெளிவிடும். சித்திரை நடுப்பகலில் நான்கைந்து அடுக்கை ஒரே மூச்சில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி உள்ளே வெந்து வெடிக்கும். விடியற்காலை வேலைதான் உத்தமம். ஆனால் பனி ஈரம் காய்ந்திருக்க வேண்டும். கடினப்படுத்தும் பெராக்சைடு திரவத்தையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. மூடிய படகுக்குள் குனிந்து வேலை செய்கிறவருக்கு, ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். சாதாரணத் துணி முகமூடி அதற்குப் போதாது.

அதே ஸ்டைரீன் இன்னொரு விளையாட்டும் காட்டும். இருக்கைப் பெட்டிக்குள் மிதப்புக்காகத் தெர்மகோல் துண்டுகளை அடைத்துவிட்டு மேலே பாலியெஸ்டர் ரெசின் பூசினால், தெர்மகோல் கரைந்து, கெட்டியான கூழாகச் சுருங்கிவிடும். மேலே பார்த்தால் அழகான இருக்கை, உள்ளே காலி. பாலியூரித்தேன் நுரையை இந்த ஆவி கரைக்காது. ஆனால் அதிலும் பழையது ஈரம் குடித்துக் கனத்துப்போயிருக்கும். வரவரப் படகு தாழ்ந்து ஓடுகிறது என்று எஞ்சினைத் திட்டுகிறவர்கள் இருக்கைப் பெட்டியில் ஒரு துளை போட்டுப் பார்ப்பது மலிவு.

நல்ல நுரை ஒரு கன மீட்டர் இருந்தால் ஏறக்குறைய 970 கிலோவைத் தாங்கும். எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். தளத்துக்குக் கீழே இடம் சும்மா கிடக்கிறதே என்று அங்கேயே அடைத்தால், படகில் தண்ணீர் நிறைந்த நிமிடத்தில் அடி மேலே வரப் பார்க்கும், படகு மல்லாந்துவிடும். மூழ்காது, ஆனால் பிடித்துக்கொள்ள வழவழப்பான அடிதான் இருக்கும். அதே நுரையை இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி, இருக்கைகளின் ஓரப் பெட்டிகளில், விளிம்புக்குக் கீழே வைத்தால் நிறைந்த படகும் நேராகவே மிதக்கும். அமெரிக்காவில் 1971இன் படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, வெளியே பொருத்தும் எஞ்சின் கொண்ட, 20 அடிக்குக் குறைந்த படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் சமமாக மிதக்க வேண்டும் என்ற விதி வந்தது. நம் நாட்டில் 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் வந்திருக்கிறது. பதிவும் ஆய்வும் அதன்கீழ் வருகின்றன. இருக்கையை மாற்றி அடித்த படகை ஆய்வுக்குக் கொண்டுபோகிறவர், மாற்றியதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் படகை ஏரியில் இறக்கி ஒரு சோதனை செய்யலாம். செலவு கிடையாது. காற்றடங்கிய காலையில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஒரு மீட்டர் நீளத் தூக்குக்குண்டு நூலைக் குறுக்குச் சட்டத்திலிருந்து தொங்கவிட்டு, அடியில் ஒரு அளவுகோலைக் கிடத்த வேண்டும். ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை இருக்கைகளின் மேல் அடுக்கலாம். உட்கார்ந்த மனிதரின் ஈர்ப்பு மையம் இருக்கைக்கு ஒரு சாண் மேலே இருக்கும் என்பதால் மூட்டையையும் அந்த உயரத்துக்கு ஏற்றவாறு வைக்க வேண்டும். பிறகு 60 கிலோவை நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி, நூல் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். நம் காகிதப் படகில் 5 பேர் சுமைக்கு அது 3 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. 30 பேர் சுமைக்கு ஏழரை. பெஞ்சை 15 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டு அதே சுமையை ஏற்றினால் 17. எத்தனை பேர் என்று படகின் பக்கத்தில் பெயின்டில் எழுதுவதை இந்த அளவைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.